எட்டு ஆட்டம், ஏழு தோல்வி, ஒரு டிரா: நம்ம காலேஜ் ஃபுட்பால் டீமைப் பத்திப் பேசணும்

#1 பழைய ஸ்டாப்பர்

நேத்து கடைசி ஆட்டமும் போச்சு. 0-2. மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகல, கோல் ஏரியா முழுக்க செஞ்சேறு. விசில் ஊதினதும் நம்ம பிள்ளைகள் அங்கங்க நின்ன இடத்துலேயே குத்தவச்சு உட்கார்ந்துட்டாங்க. யாரும் யாரையும் தூக்கிவிடப் போகல. ராத்திரி பூரா அதுதான் எனக்குக் கண்ணுக்குள்ள நின்னுது.

எட்டு ஆட்டத்தையும் நான் நேர்ல பார்த்தேன். நோட்டுல எழுதியும் வச்சிருக்கேன். 0-2, 1-3, 1-1, 0-4, 2-3, 0-1, 1-5, 0-2. அடிச்சது 5, வாங்கினது 21. ஏழாவதுதான் யுனிவர்சிட்டி நாக்-அவுட். முதல் ரவுண்டுலேயே வெளியே வந்தோம்.

வாட்ஸ்அப் குரூப்புல எல்லாரும் கீப்பர் பையனைப் போட்டுக் காய்ச்சுதாங்க. முதல் வருஷம் படிக்கிற பிள்ளை. அவனைப் பேசுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க. 21 கோல்ல கார்னர்ல இருந்து வந்தது 6. கோலுக்கு முன்னால தடுக்கிற நம்ம பேக் லைன் கோணலா நின்னு, எதிராளி ஆப் சைடு (நம்ம கடைசி பேக்கைத் தாண்டி நின்னு பந்து வாங்குற தப்பு) ஆகாம தனியா ஓடி வந்து அடிச்சது 5. பெனால்டி 2. கோல் கிக்கைப் பக்கத்துல நிக்கிறவனுக்குச் சின்னதா தட்டி, அவன் பந்தைத் தொலைச்சது 2. சாதாரண ஆட்டத்துல நல்லா கட்டி அடிச்ச கோல் 3. கீப்பர் பிடிச்சிருக்க வேண்டியதுன்னு நான் மனசறிஞ்சு சொல்லக்கூடியது 3.

இன்னொண்ணு. 21-ல 11 கோல் 65-வது நிமிஷத்துக்கு அப்புறம் விழுந்தது. முதல் ஒரு மணி நேரம் நம்ம பிள்ளைகள் யாருக்கும் சளைச்சவங்க இல்ல. 2-3 ஆட்டத்துல 60-வது நிமிஷம் வரைக்கும் 2-0 முன்னால நின்னோம்.

நான் 1988-ல இந்தக் காலேஜ்ல சேர்ந்தவன். மூணு வருஷம் நடுவுல நின்னு தடுக்கிற ஸ்டாப்பர் பேக். எங்க காலத்துலயும் தோத்திருக்கோம். ஆனா இப்படிப் பிரிஞ்சு உட்கார்ந்தது கிடையாது. என்ன நடந்ததுன்னு உள்ள இருந்து தெரிஞ்சவங்க சொல்லணும்.

#2 குளச்சல்காரன்

அண்ணே, கணக்கு எல்லாம் சரி. ஆனா 1-5 ஆட்டத்துல மூணாவது கோல் கைக்குள்ள வந்து விழுந்த பந்து. அவன் நெஞ்சுல அணைக்காம முன்னால தட்டி, எதிராளி காலுலயே கொண்டு கொடுத்தான். அந்த இடத்துல பழைய கீப்பர் நின்னிருந்தா அது கோலே இல்ல. இறுதியாண்டுப் பையன், ரெண்டு வருஷம் நின்ன கை. ஆகஸ்ட்ல பாதியில விட்டுட்டுப் போனான். அவன் போனதுதான் சீசனைக் கெடுத்தது. மனசு வலிச்சுதான் சொல்லுதேன். அந்த ஆட்டத்துக்கு நான் ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்தவன்.

#3 பழைய ஸ்டாப்பர்

தம்பி, பழைய கீப்பர் நின்ன முதல் ரெண்டு ஆட்டத்துல வாங்கினது 5. புதுப் பையன் நின்ன ஆறு ஆட்டத்துல 16. வகுத்துப் பாரு, ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். கை மாறினதால மட்டும் வந்த வினையா இருந்தா இந்தக் கணக்கு வேற மாதிரி இருந்திருக்கும்.

#4 அருமனைக்காரன்

நம்ம லெஃப்ட் பேக் எனக்க தம்பி. எட்டு ஆட்டமும் முழுசா ஆடினவன். 65-வது நிமிஷத்துக்கு அப்புறம் ஏன் கால் நிக்கலன்னு கேட்டீங்கல்ல, ஒரு வீட்டுக் கதை சொல்லுதேன்.

எங்களுக்கு ரப்பர்தான். சொந்தத் தோட்டம் இல்ல, கூலி வெட்டு. வெயில் ஏறுனா பால் நிக்கும், அதனால விடியக்காலம் நாலு மணிக்கு நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டுப் போகணும். அப்பாவுக்கு முட்டு வலி வந்த பிறகு தம்பிதான் பாதி மரம் வெட்டுதான். வெட்டி முடிச்சு, சிரட்டையில இருந்து பால் எடுத்து, ஆசிட் ஊத்தி உறைய வச்சுட்டு, குளிச்சு, ரெண்டு பஸ் மாறி காலேஜ் போகணும். சாயங்காலம் நாலரைக்கு பிராக்டிஸ். ஆறு மணிக்கு முடிஞ்சா, எங்க பக்கம் வர்ற பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். தவறவிட்டா அடுத்தது எட்டேகாலுக்கு.

மழை நாள்ல வெட்டு இல்ல. அன்னைக்குத்தான் அவன் நல்லா தூங்குவான். அன்னைக்கு கிரவுண்டுல தண்ணி கட்டிக் கிடக்கும், பிராக்டிசும் இருக்காது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழை. ஜூன்ல தொடங்கினா டிசம்பர் வரைக்கும் இதே கதைதான்.

காலையில பிராக்டிஸ் வைங்கன்னு பலபேர் சொல்லுதாங்க. காலையில வச்சா எனக்க தம்பி டீம்ல இருக்க முடியாது. சாயங்காலம் லேட்டா வச்சா கடப்புறத்து, அதான் கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு பஸ் இல்ல. எட்டு வாரத்துல பதினொரு பேரும் ஒண்ணா நின்ன பிராக்டிஸ் எத்தனைன்னு அவன்கிட்ட கேட்டேன். விரல் விட்டு எண்ணினான். ஆறு.

#5 பழைய ஸ்டாப்பர்

ஆறா? எனக்கு இது தெரியாது மக்கா. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி ஒரு தடவைகூட முழு டீம் சேரலன்னு அர்த்தம்.

#6 மஞ்சேரி போய் வந்தவன்

பேக் லைன் ஏன் கோணலா நிக்குதுன்னு நான் சொல்லுதேன். நானும் அதே கோணலோட வளர்ந்தவன்தான்.

எங்க ஊர்ப் பக்கம் பதினாறு வயசுல கால்ல கொஞ்சம் வேகம் இருந்தாப் போதும், கேரளாவுல பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுற செவன்ஸ் ஆட ஆள் கூட்டிட்டுப் போக வந்துடுவாங்க. மலப்புறம், மஞ்சேரி, பெரிந்தல்மண்ணைன்னு நாலு சீசன் போயிருக்கேன். ராத்திரி வெளிச்சம், மூங்கில் கேலரி, சுத்தி ஆயிரக்கணக்குல ஜனம். ஆடின அன்னைக்கே கையில காசு. அந்த விளையாட்டை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்க அக்கா கல்யாணத்துக்குப் பாதிச் செலவு அதுல வந்தது.

ஆனா அங்க ஆப் சைடு கிடையாது. இது சின்ன விஷயம் இல்ல. ஆப் சைடு இல்லன்னா, பேக் நிக்கிறவனுக்கு ஒரே வேலைதான், அவனுக்குச் சொன்ன ஆளை விடக்கூடாது. ஆள் எங்க போறானோ அங்க போகணும். கோல் வாசல்ல போய் நின்னா, நீயும் அங்க போய் நிக்கணும். வருஷக்கணக்கா அப்படி ஆடினவனை பதினொரு பேர் ஆடுற லெவன்ஸ்ல கொண்டு நிறுத்தினா என்ன செய்வான்? மத்த மூணு பேக்கும் முன்னால ஏறும்போது இவன் மட்டும் ஆளைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால நிப்பான். அவன் ஒருத்தன் நிக்கிறதால எதிராளி அத்தனை பேரும் ஆன் சைடு. லைன்ஸ்மேன் கொடி தூக்க வழியே இல்ல. அண்ணன் எழுதின அந்த 5 கோலும் இப்படித்தான் விழுந்திருக்கும்.

முன்னால ஆடுறவனுக்கும் இதே சங்கடம்தான். நம்ம பார்வேர்டு ரெண்டு பேரும் செவன்ஸ் பிள்ளைகள். பந்து வர்றதுக்கு முன்னாடியே கோல் பக்கம் போய்க் காத்து நிக்கிறது அவங்களுக்கு ரத்தத்துல ஊறிப்போச்சு. 0-1 ஆட்டத்தை நான் பார்த்தேன், ஒன்பது தடவை கொடி ஏறிச்சு. அதுல ஒண்ணு வலைக்குள்ள போன பந்து.

தூரம் இன்னொண்ணு. செவன்ஸ் கிரவுண்டு சின்னது. நூறு மீட்டர் கிரவுண்டுல ஒரு பேக் ஏறிப் போனா திரும்பி வர வேண்டிய தூரம் வேற. அந்த ஓட்டத்துக்குக் கால் பழகணும்னா முழு கிரவுண்டுல, முழு நேரம், முழு டீமா ஆடிப் பழகணும். ஆறு பிராக்டிஸ்ல அது நடக்காது.

#7 பழைய ஸ்டாப்பர்

மஞ்சேரித் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. இதுகூட மணலையும் சேர்த்துக்கணும்.

கடப்புறத்துப் பிள்ளைகள் பந்து பழகுறது மணல்ல. மணல்ல பந்து உருளாது, நின்னுடும். அதனால காலோட ஒட்டி வச்சு வெட்டி வெட்டிப் போறது, காலால லேசா தூக்கிப் போடுறது, இதெல்லாம் அவங்களுக்குக் கைவந்த கலை. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளைன்னு எந்தக் கரையில போய் நின்னாலும் பத்து வயசுப் பையன் ரெண்டு பேரை வெட்டிட்டுப் போறதைப் பார்க்கலாம். அதே பிள்ளையை மழை நனைஞ்ச செம்மண்ணுல விடுங்க. பாஸ் எதிர்பார்த்ததைவிட வேகமா வழுக்கிட்டு வரும், முதல் தொடுதல்லேயே ரெண்டடி தள்ளிப் போயிடும். நம்ம மிட்ஃபீல்டுல பந்து தொலைஞ்ச இடமெல்லாம் அந்த முதல் தொடுதல்தான். திறமை இல்லாத குறை இல்ல இது. காலுக்கு அந்த மண்ணு தெரியல.

நாங்க படிக்கும்போது கேரளா போலீஸ் டீமைப் பார்க்கன்னே மார்த்தாண்டத்துல பஸ் ஏறி திருவனந்தபுரம் போவோம். 1990-லயும் 1991-லயும் அடுத்தடுத்து பெடரேஷன் கோப்பை அடிச்ச டீம் அது. எல்லாரும் முன்னால கோல் அடிக்கிற ஐ.எம்.விஜயன் காலைப் பார்ப்பாங்க. நான் ஸ்டாப்பர் ஆச்சே, பேக் ஆடுற வி.பி.சத்யன் எங்க நிக்கிறார்னு மட்டும் பார்ப்பேன். திரும்பி வர்ற பஸ்லேயே நாங்க நாலு பேக்கும் டிக்கெட்டை மடியில பரப்பி, இவன் ஏறினா நான் எங்க நிக்கணும்னு பேசிட்டு வருவோம். அந்தப் பேச்சுதான் எங்களை நாலு பேரையும் ஒரு கயிறு மாதிரி கட்டினது. இந்தப் பிள்ளைகளுக்கு அப்படிப் பேசி உட்கார ஒரு பஸ்கூடக் கிடைக்கல, ஆளுக்கு ஒரு திசையில பஸ்.

#8 நடுக்கள ஆட்டக்காரன்

நான் இந்த டீம்ல ஆடுறவன். பேர் வேண்டாம். பெரியவங்க எல்லாரும் எங்களுக்காகப் பரிஞ்சு பேசுறீங்க, அதனால உள்ள நடந்ததை மறைக்க மனசு வரல.

நாங்க பாதி ஆட்டம் ரெண்டு டீமாத்தான் ஆடினோம். கடப்புறம் ஒண்ணு, ரப்பர் இருக்கிற மலையோரம் ஒண்ணு. நான் கடப்புறத்துக்காரன். பந்து கால்ல வந்தா எனக்குத் தெரிஞ்ச குரல் எங்க கேட்குதோ அங்கதான் கொடுப்பேன். நினைச்சுச் செய்யல, கால் தன்னால போகும். சின்ன வயசுல இருந்து ஒண்ணா ஆடினவங்க. லெஃப்ட் பேக் ஏறி வந்து ஆளில்லாம நிப்பான், கையைத் தூக்குவான், நான் பார்க்கவே மாட்டேன். 0-4 ஆட்டம் முடிஞ்சு அவன் என்கிட்ட வந்து, "எனக்குப் பந்து தரமாட்டேன்னா சொல்லிடு, நான் ஏறாம நிக்குதேன்"னான். அதுல கோபமே இல்ல. அதுதான் எனக்குக் குத்திச்சு. அவன் காலையில நாலு மணிக்கு வெட்டுக்குப் போய்ட்டு வர்றவன்னு இந்த இழையைப் படிச்சுத்தான் எனக்கே தெரியும். ஒரு சீசன் பூரா பக்கத்துல நின்னு ஆடியிருக்கேன்.

அருமனை அண்ணா, உங்க தம்பிகிட்ட நான் நேர்லயே பேசுறேன்.

#9 அருமனைக்காரன்

வா தம்பி. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. அவன் ஒன்னைப் பத்தி ஒருநாளும் குறையாச் சொன்னதில்ல.

#10 கடப்புறத்து அக்கா

குளச்சல் தம்பி "பாதியில விட்டுட்டுப் போனான்"னு எழுதினதைப் படிச்சேன். அந்தப் பழைய கீப்பர் எனக்கத் தம்பி. ரெண்டு நாள் யோசிச்சுட்டுத்தான் எழுதுதேன்.

மேற்குக் கரையில ஜூன் 1-லிருந்து ஜூலை 31 வரைக்கும் மீன்பிடித் தடை. அந்த ரெண்டு மாசம்தான் எங்க ஊர்ல ஆம்பளைங்க எல்லாரும் வீட்டுல இருப்பாங்க. எங்க பிள்ளைகள் நல்லா பந்து ஆடுறதும் அப்பத்தான், அண்ணன்மாரும் மாமன்மாரும் கரையில நிப்பாங்க. ஜூலைக் கடைசியில நடந்த முதல் ரெண்டு ஆட்டத்துக்கும் எங்க அப்பா வந்து பார்த்தாவ.

அதுக்கு அடுத்த வாரம் போட்டுல சாமான் ஏத்தும்போது விஞ்சுல சிக்கி அப்பாவுக்க வலது கையில ரெண்டு விரல் நசுங்கிப்போச்சு. தடை முடிஞ்சு முதல் பயணம். எங்க பக்கத்துப் போட்டுகள் தங்கலுக்கு, அதான் கடல்லேயே தங்கி மீன் பிடிக்கப் போகும், போனா வாரக்கணக்கு ஆகும், மீனைக் கொச்சியில கொண்டு இறக்கிட்டு அங்கேருந்தே திரும்பவும் கடலுக்குப் போயிடும். ஒரு ஆள் குறைஞ்சா அந்த வீட்டுக்குப் பங்கு இல்ல. ரெண்டு மாசத் தடைக்குப் பட்ட கடன் வாசல்ல நிக்குது. போட்டை ஓட்டுற ஸ்ராங்கு நல்ல மனுஷன், "பையனைக் கடலுக்கு விடுதியளா?"ன்னு அம்மாகிட்ட கேட்டாவ. அம்மா வாய் திறக்கல. தம்பிதான் "போறேன்"னு சொன்னான்.

கிளம்புற அன்னைக்கு ராத்திரி கையுறையைக் கழுவி, மொட்டை மாடியில காய வச்சுட்டுப் போனான். அது காய்ஞ்சு எடுத்து நான்தான் பீரோவுல வச்சிருக்கேன். போட்டு கரைக்கு வந்து போன் சிக்னல் கிடைச்சதும் முதல்ல ஆட்டம் என்ன ஆச்சுன்னுதான் கேட்பான். 1-5ன்னு சொன்ன அன்னைக்கு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

எங்க ஊர்ல கடலுக்குப் போறவனை "விட்டுட்டுப் போனான்"னு யாரும் சொல்ல மாட்டோம். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்போ போனவங்க எத்தனை பேர் திரும்பலன்னு இந்த மாவட்டத்துக்கே தெரியும். அந்த கிறிஸ்துமசுக்கு எங்க கரையில பந்து உருளல. அந்த நினைப்போடத்தான் இப்பவும் ஒவ்வொரு தடவையும் அனுப்புறோம். அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இல்லாம அவனுக்கு இந்த செமஸ்டர் பரீட்சையும் போச்சு. அவன் விட்டது ஃபுட்பாலை மட்டும் இல்ல தம்பி.

#11 குளச்சல்காரன்

அக்கா, மன்னிச்சிருங்க. எங்க வீட்டுலயும் கடல்தான், நான் இப்படி எழுதியிருக்கக் கூடாது. அந்த வரியை எடுத்துடலாம்னு நினைச்சேன். அப்புறம் நீங்க எழுதினது புரியாமப் போயிடும்னு விட்டு வச்சிருக்கேன். அப்பா கை இப்போ எப்படி இருக்கு?

#12 கடப்புறத்து அக்கா

காயம் ஆறிட்டு. மடக்க வரல. வலை பின்ன முடியுது, அது போதும்னு இருக்காவ.

#13 ஓய்வுபெற்ற பிடி சார்

நான் வேறு மாவட்டத்துக் கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் உடற்கல்வி இயக்குநராக இருந்தவன். பிறந்த ஊர் தக்கலைப் பக்கம். உங்கள் கல்லூரி நிர்வாகத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, அதனால் பேசவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்.

முதல் சுற்றில் வெளியேறுவது ஒரு கோப்பையை இழப்பது மட்டுமல்ல. பல்கலைக்கழக அணிக்கான தேர்வாளர்கள் கடைசி நாலு அணிகளின் ஆட்டத்தைத்தான் பெரும்பாலும் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதில் இடம் கிடைத்துப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போகும் மாணவன் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். நாளைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கும்போது அந்தத் தாள் பேசும். உங்கள் லெஃப்ட் பேக், நடுக்கள ஆட்டக்காரர் போன்ற மாணவர்களுக்குக் குடும்பத்தைத் தூக்கிவிடக்கூடிய தாள் அது. என் மாணவர்களில் அப்படிக் காவல்துறைக்கும் ரயில்வேக்கும் போனவர்கள் இருக்கிறார்கள்.

பயிற்சி நேரத்தைப் பற்றி: எல்லாரும் தினமும் சேர முடியாது என்றால் தினமும் சேர வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் முழு அணி, முழு மைதானம், தொண்ணூறு நிமிடம். மற்ற நாட்களில் பின்வரிசை நாலு பேரும் கீப்பரும் மட்டும் ஒரு மணி நேரம் சேர்ந்தால் போதும். நான் அப்படித்தான் செய்தேன். ஞாயிறு பூசைக்குப் போகிற மாணவர்களுக்கு மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

#14 மஞ்சேரி போய் வந்தவன்

சார் சொன்னது நடக்கிற காரியம். ஆனா நவம்பர் வந்தா சனி ஞாயிறுதான் செவன்ஸ் கூப்பிடுவாங்க சார். அதைத் தடுக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டேன், பிள்ளைகளுக்குக் காசு வேணும். யுனிவர்சிட்டி ஆட்டம் முடியிற வரைக்கும் மட்டும் பொறுத்துக்கங்கன்னு நான் ரெண்டு பார்வேர்டுகிட்டயும் பேசிப் பார்க்குதேன். நான் சொன்னா கேட்பாங்க.

#15 நித்திரவிளைத் தம்பி

எனக்கு ஒரு சந்தேகம். மைக்கேல் சூசைராஜ் இதே இரவிபுத்தன்துறை மணல்ல இருந்துதானே போனாரு? சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், அப்புறம் 2019-20-ல இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்) ஜெயிச்ச கொல்கத்தா டீம் ஏ.டி.கே. அவர்கூடப் பிறந்த ரெஜினும் பெரிய டீமுக்குப் போனாரு. அவங்களுக்கு மணலு தடையா இருக்கலையே? நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் ஏன்?

#16 பழைய ஸ்டாப்பர்

நல்ல கேள்வி. மணலு தடைன்னு நான் சொல்லல தம்பி, மணலு பாதிப் பாடம்னு சொன்னேன். சூசைராஜுக்க இடது கால் அந்தக் கரை கொடுத்தது. அதுக்கு மேல பெரிய டீம்கள்ல வருஷக்கணக்கா புல் தரையில, நல்ல கோச்சுக்குக் கீழ, தினமும் பயிற்சி. அந்த ரெண்டாவது பாதி நம்ம பிள்ளைகளுக்குக் கிடைக்கல. அதுக்குத்தான் இவ்வளவு பேசுதோம்.

2020 நவம்பர்ல கேரளா பிளாஸ்டர்ஸ்கூட சீசன் முதல் ஆட்டத்துல அவருக்குக் கால் முட்டு போனப்போ எங்க தெருவுல டிவி முன்னால ஒரு வயசான அம்மா வாய்விட்டு அழுதாவ. சொந்தமும் இல்ல, பழக்கமும் இல்ல, நம்ம கரைப் பிள்ளைங்கிற ஒரே எண்ணம்தான்.

#17 நம்பர் 1

வணக்கம். நான்தான் அந்த முதல் வருஷ கீப்பர்.

எல்லாத்தையும் படிச்சேன். 3 கோல் என்னால்னு பழைய ஸ்டாப்பர் அண்ணன் எழுதியிருக்காங்க. எனக்கு 5ன்னு தோணுது. கார்னர்ல வந்த 6-ல ரெண்டு நான் வெளியே வந்திருந்தா எடுத்திருக்கலாம். வரல. பயம்.

நான் ஸ்கூல்ல பார்வேர்டு. காலேஜ்ல சேர்ந்தப்போ உயரமா இருக்கேன்னு ரெண்டாவது கீப்பரா எழுதினாங்க. ஒரு வருஷம் பார்த்துக் கத்துக்கலாம்னு இருந்தேன். ஆகஸ்ட்ல திடீர்னு நான்தான் முதல் ஆள். ஊர்ல நாங்க கோல் போஸ்ட்னு நட்டது ரெண்டு கம்பு, மேல குறுக்குக் கம்பி கிடையாது. தலைக்கு மேல போனா கோல் இல்லன்னு கத்துவோம். இங்க 2.44 மீட்டர் உயரத்துல கம்பி இருக்கு. அதுக்குக் கீழ வர்ற பந்து எது, மேல போற பந்து எதுன்னு எனக்கு இன்னும் கண்ணு பிடிக்கல.

கோல் கிக்கை சின்னதா தட்டினதும் நான்தான். 2019-க்கு அப்புறம் பந்து பெனால்டி ஏரியாவை விட்டு வெளியே போகணும்னு அவசியம் இல்லல்ல, டிவியில எல்லாரும் அப்படித்தான் ஆடுறாங்கன்னு நாங்களே பேசி முடிவு பண்ணோம். பிராக்டிஸ் பண்ணாம ஆட்டத்துல செஞ்சிருக்கக் கூடாது.

குரூப்புல வந்த மெசேஜை எல்லாம் எங்க அம்மாவும் பார்த்துட்டாங்க. அடுத்த வருஷம் போகவேண்டாம்னு சொல்லுதாங்க. எனக்குப் போகணும். கீப்பராவே நிக்கணும். கார்னர் அடிக்கும்போது நான் எங்க நிக்கணும்னு யாராவது சொல்லித் தருவீங்களா?

#18 குளச்சல்காரன்

தம்பி, குரூப்புல எழுதினவங்கள்ல நானும் ஒருத்தன். அம்மா நம்பர்ல நான் கூப்பிட்டுப் பேசலாமா? அவங்ககிட்ட நானே சொல்லணும்.

#19 நம்பர் 1

சரிண்ணா. ராத்திரி எட்டுக்கு மேல வீட்டுல இருப்பாங்க.

#20 முட்டம் பழைய கோலி

மக்கா, நான் பதினாலு வருஷம் கோல்ல நின்னவன். கேளு.

கார்னருக்கு லைன்மேல ஒட்டி நிக்காத. கோலுக்கு நடுவுல இருந்து கொஞ்சம் தூரத்துப் போஸ்ட் பக்கமா, லைனை விட்டு ஒரு நல்ல எட்டு முன்னால நில்லு. உடம்பு முழுசா கார்னர் பக்கம் திரும்பக் கூடாது, பாதி கிரவுண்டைப் பார்த்து இருக்கணும். அப்பத்தான் பந்தும் தெரியும், ஓடி வர்ற ஆளும் தெரியும். முன்னால ஓடுறது பின்னால ஓடுறதைவிட லேசு, அதனாலதான் தூரத்துப் போஸ்ட் பக்கம் நிக்கச் சொல்லுதேன். கிட்டத்துப் போஸ்ட்டுக்கு ஒரு பேக்கை நிறுத்து. அவனை நீ கூப்பிட்டு நிறுத்தணும், அவனா வந்து நிப்பான்னு இருக்காத.

வரணுமா வேண்டாமான்னு பந்து காலை விட்டுக் கிளம்பின உடனே முடிவு பண்ணு. வர்றதுன்னா "கீப்பர்"னு கத்திட்டு வா. கத்தினா உன் ஆள் விலகுவான். பிடிக்க முடியும்னு நூறு சதவீதம் தெரிஞ்சா பிடி. சந்தேகம் இருந்தா ரெண்டு முஷ்டியையும் சேர்த்து பந்துக்கு நடுவுல குத்து. உயரமாவும் பக்கவாட்டுக்கும் போகட்டும், நடுவுக்குப் போகக்கூடாது. ஒரு முழங்காலை முன்னால மடக்கிக் குதி, உன் உடம்புக்கு அது காவல். வராம நின்னுடுறதுன்னா முழுசா நில்லு. பாதி தூரம் வந்து நிக்கிறதுலதான் கோல் விழும்.

செஞ்சேத்துல நேரா உருண்டு வர்ற பந்தை வெறுங்கையால எடுக்கப் பார்க்காத. ஒரு முழங்காலைத் தரைக்குக் கொண்டு போய், பந்துக்குப் பின்னால உடம்பைக் கொண்டு வா. கை தவறினாலும் கால் தடுக்கும். பிடிச்ச பந்து நெஞ்சுக்கு வரணும். குளச்சல் தம்பி சொன்ன அந்த மூணாவது கோல் அப்படி விழுந்ததுதான். உன் கையில குறை இல்ல, உடம்பு பின்னால வரல. தட்டித்தான் ஆகணும்னா பக்கவாட்டுக்குத் தட்டு.

குறுக்குக் கம்பி கண்ணு பிடிக்க ஒரு வழி இருக்கு. காலி கோல்ல நின்னு, பெனால்டி ஏரியா வெளிக்கோட்டுல இருந்து ஒருத்தனைத் தூக்கிப் போடச் சொல்லு. நீ பிடிக்க வேண்டாம், "உள்ள", "மேல"ன்னு வாயால சொல்லு போதும். ஒரு நாளைக்கு ஐம்பது பந்து. ரெண்டு வாரத்துல கண்ணு தானா அளக்கும். ஆனா இதுக்கு எறிய ஆள் வேணும்.

எனக்கு முட்டத்துல இருந்து வர ஒரு மணி நேரம் ஆகும். திங்கள், வியாழன் வர முடியும். பேக் நாலு பேரையும் கூட்டிட்டு வா, அவங்க இல்லாம கார்னர் பழகிப் பிரயோசனம் இல்ல.

#21 அருமனைக்காரன்

வியாழக்கிழமை எனக்க தம்பியை நான் பைக்குல கொண்டு விட்டு, திரும்பக் கூட்டிட்டும் போறேன். திங்கள் எனக்கு டூட்டி இருக்கு.

#22 நடுக்கள ஆட்டக்காரன்

திங்கள் நான் அவனைக் கொண்டு விடுதேன். எங்க அண்ணன் பைக் இருக்கு.

#23 பழைய ஸ்டாப்பர்

எறியறதுக்கு நான் வாறேன். ஓட முடியாது, எறியலாம். வலை ஒரு பக்கம் கிழிஞ்சு கிடக்கு, அதை யாராவது பார்க்கணும்.

#24 கடப்புறத்து அக்கா

வலையை அப்பா முடிஞ்சு தருவாவ. கழட்டிக் கொடுத்து விடுங்க, ரெண்டு நாள் போதும்.

தம்பி நேத்து கொச்சியில இருந்து போன் பண்ணினான். இதையெல்லாம் வாசிச்சுக் காட்டினேன். பீரோவுல இருக்கிற கையுறையைப் புதுக் கீப்பருக்குக் கொடுக்கச் சொன்னான். சைஸ் 9.

#25 நம்பர் 1

அக்கா, எனக்கும் 9 தான். திங்கள் காலேஜ் விட்டு நேரா வந்து வாங்கிட்டுப் போறேன். அண்ணன் எப்போ கரைக்கு வருவாங்க?

#26 கடப்புறத்து அக்கா

மீனு கிடைக்கிறதைப் பொறுத்து. கிறிஸ்துமசுக்கு வந்துருவேன்னு சொன்னான்.